போறேன் என்றவளுக்கு அனுமதி இல்லை

“பச்சையா, மஞ்சளாங்க?”

“மஞ்சளுங்க.”

“மஞ்சள்னா கோளாறு வெளியில, லைன்லதானுங்க. நாங்க ஆளை அனுப்பி…”

“இருங்க, இருங்க. அது ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனமுங்க. காஞ்சு போய் மோடத்து விளக்கு மேலயே ஒட்டிட்டு இருக்குது.” நகத்தால் சுரண்டினாள். “இப்பப் பச்சைங்க.”

“பச்சைன்னா உங்க இணைப்பு ரொம்ப நல்லா இருக்குதுங்க. வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

“நல்லா இருந்தா என்ற புள்ளை ஏனுங்க இதுக்குள்ள வர மாட்டேங்கறா?”

மறுமுனை யோசித்தது. யோசிக்கும்போது அது நாதஸ்வரம் வாசித்தது.

“ஒருக்கா எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்களேன்.”

“பார்த்தாச்சுங்க. மோடத்தை அணைச்சேன், கம்ப்யூட்டரை அணைச்சேன், கடைசியா மெயினையே அணைச்சுட்டேன். கிரைண்டர் பாதி மாவுல நின்னு போச்சு. எங்கூட்டுக்காரரு போட்ட சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கோணும்.”

“அப்ப ஃபயர்வால் பக்கம் போய்ப் பார்த்துட்டு வர்றனுங்க. லைன்லயே இருங்க. உங்க பொறுமைக்குத் தலை வணங்கறோமுங்க.”

மறுபடி நாதஸ்வரம். கோகிலவாணி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தாள். பேசிக்கொண்டிருந்த குரலின் பெயர் பணிமலர். அது மனுசப்பிறவியா என்று பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டிருந்தாள். “அப்படியே நெனைச்சுக்கோங்க” என்று பதில் வந்தது. ஃபயர்வாலை வாங்கிய அன்று, மொழி தமிழ் என்றும் மரியாதை அளவு கோயம்புத்தூர் என்றும் அவள் கணவர் தேர்ந்தெடுத்திருந்தார். அதனால் எந்தக் கெட்ட செய்தியும் அந்த வீட்டுக்கு ‘ங்க’ சேர்த்துத்தான் வரும்.

வடவள்ளியில், மருதமலைச் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி அந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. மலையில் மேகம் இறங்கியிருந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம், தூர வடக்கே, வெளிநாட்டில் இருக்கும் தாலின் நகரத்தில் பனி இப்படித்தான் இருக்குமோ என்று கோகிலவாணி நினைத்துக்கொள்வாள். தாலினுக்குப் போன மகள் நித்திலா இரண்டு வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி இல்லை. சாப்பிட்டாயா என்று இவள் அனுப்பியது போனதா, போகவில்லையா என்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு போனில் முயன்றாள். அந்த போனும் மெல்லிய குரலில் ஏதோ வருத்தம் தெரிவித்துவிட்டுத் தானாக அணைந்தது.

“கோவம் அவளுக்கு. தானா வருவா” என்று சொல்லிவிட்டார் ஈஸ்வரமூர்த்தி. அவருக்கு கணபதி பகுதியில் பம்புசெட் பட்டறை. மோட்டார் இரைச்சலுக்கு மேலே முப்பது வருடம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. உப்பு கேட்டாலும் சண்டை பிடிப்பது போல இருக்கும். “ஏனுங்க, கோவப்படாதீங்க” என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து கோகிலவாணி அவரிடம் வைத்த ஒரே வேண்டுகோள். நகை கேட்டதில்லை, ஊட்டி கேட்டதில்லை. இது ஒன்றுதான். இதுவரை நிறைவேறவில்லை.

ஃபயர்வால் என்றால் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் ஏதோ ஒரு சமாச்சாரம். நித்திலா சிறுமியாக இருந்தபோது, ஏதாவது விளையாட்டு திறக்கவில்லையென்றால் அதை அணைத்துவிடுவாள், அவ்வளவுதான். பிறகு செத்தவர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். சூலூரில் ஒருவருக்கு, எரித்துவிட்டு வந்த அப்பா கூப்பிட்டுத் தோட்டத்துப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதே இருமல், அதே கெட்ட வார்த்தை. மகன் அழுதுகொண்டே அனுப்பிவிட்டான். அசல் குரலுக்கும் செய்த குரலுக்கும் வித்தியாசம் காண முடியாமல் போன அந்த வருடத்தில், வீட்டுக்கு வீடு ‘அரண்’ என்ற இந்த ஃபயர்வால் கட்டாயமாயிற்று. போன், கம்ப்யூட்டர், வாசல் கேமரா, கேட்டுப் பூட்டு எல்லாம் அதன் கையில். உள்ளே யார் வரலாம், யார் கூடாது என்பதை அது பார்த்துக்கொள்ளும். மனிதர்கள் பார்த்துக்கொண்ட லட்சணம் தெரிந்ததால் யாரும் எதிர்க்கவில்லை.

ஈஸ்வரமூர்த்திக்கு அரண் மேல் தனிப் பிரியம். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு பச்சைக் கேடயம். அதன் அடியில் ‘இன்று உங்கள் இல்லத்தின் மீது முறியடிக்கப்பட்ட தாக்குதல்கள்’ என்று ஓர் எண் ஓடும். காலைக் காப்பியோடு அதைப் பார்ப்பது அவருக்குக் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல. இரண்டு வாரமாக எண் எகிறிக்கொண்டிருந்தது. “பாரு கோகிலா, எத்தனை பேரு முட்டறானுக. ஒருத்தனை உள்ளே உட்டுதா பாரு!” என்று மார்தட்டுவார்.

நாதஸ்வரம் சட்டென்று நின்றது.

“அம்மா, பார்த்துட்டனுங்க. முதல்ல எங்க நிறுவனத்தின் சார்பா ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிச்சுக்கறோமுங்க.”

“எதுக்குங்க?”

“உங்க மகள் நித்திலா போயிட்டாங்கன்னு பதிவாயிருக்குதுங்க.”

“ஆமாங்க, தாலினுக்குப் போயிருக்கறா.”

“இல்லீங்க. போயிட்டாங்க.”

கோகிலவாணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொல்றீங்க? அவளுக்கு என்னாச்சு?”

“பதறாதீங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்க. சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. உங்க கேட்டு முன்னாடி, கேமராவைப் பார்த்து, தெளிவா ‘போறேன்’னு.”

அந்தக் காலை கோகிலவாணிக்கு நினைவிருந்தது. வாசலில் டாக்சி உறுமிக்கொண்டு நின்றது. நித்திலா இரண்டு பெட்டியோடு கேட்டருகில். கடலில் மிதக்கும் பனிக்கட்டியை ஆராயும் வேலை. “வடவள்ளியில தண்ணி வர்றதே எப்பவோ ஒருக்கா. இவ உறைஞ்ச தண்ணியைப் படிக்கப் போறாளாமா! பட்டறையை யாரு பார்க்கறது?” என்று விடிந்ததிலிருந்து ஈஸ்வரமூர்த்தி கத்திக்கொண்டிருந்தார். கடைசியில், “போனா போ!” என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. நித்திலாவுக்கு அப்பாவின் தொண்டை வாய்க்கவில்லை. அப்பாவின் பிடிவாதம் அப்படியே வாய்த்திருந்தது. “சரி. போறேன்” என்றாள். எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தோடு கோகிலவாணி பின்னாலேயே ஓடினாள். “அப்படிச் சொல்லாத கண்ணு! போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போ கண்ணு!” டாக்சிக் கதவு மூடிக்கொண்டது. கேட்டின் மேல் கேமராவில் சின்ன நீல விளக்கு ஒருமுறை இமைத்தது. பொட்டலத்தை அவளே மத்தியானம் சாப்பிட்டாள்.

“அன்னிக்குக் காலையிலதானுங்க உங்க அரணுக்குப் பண்பாட்டுத் தொகுப்புன்னு ஒரு அப்டேட் வந்துச்சு” என்று பணிமலர் பொறுமையாக விளக்கியது. “பாருங்க, உலகத்துல எல்லா ஃபயர்வாலும் ஒரே வேலைதானுங்க செய்யுது. உள்ள இருந்து வெளிய போனது திரும்பி வந்தா விடும். முன்பின் தெரியாம வெளியில இருந்து வர்றதை விடாது. சிக்கல் என்னன்னா, போனவங்க திரும்பி வர்றவங்களா, ஒரேயடியாப் போனவங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மத்த மொழிக்காரங்க இதுக்கு ரொம்பச் சிரமப்படறாங்க. தமிழ்ல சுலபமுங்க. போறவங்களே வாயால சொல்லிடறாங்கல்ல?”

“போயிட்டு வர்றேன்னு.”

“அதேதானுங்க. அப்படிச் சொன்னா எத்தனை வருசமானாலும் கதவு திறந்தே இருக்கும். வெறும் ‘போறேன்’னா மூடிருவோம். உயிரோட இருக்கிற யாரும் வீட்டு வாசல்ல நின்னு ‘போறேன்’னு சொல்ல மாட்டாங்கன்னு அறிஞர் குழு ஒருமனதா முடிவு பண்ணியிருக்குதுங்க.”

“என்ற புள்ளை சொன்னாளே!”

“அதனாலதானுங்க அனுதாபம்.”

கேட்டுப் பூட்டு தானாகத் திறக்கும் சத்தம் கேட்டது. ஏதோ வண்டி உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஈஸ்வரமூர்த்தி லுங்கியை மடித்துக் கட்டியபடி, கையெல்லாம் கிரைண்டர் மாவோடு ஹாலுக்குள் வந்தார்.

“ஏன் கோகிலா, யாரோ டெம்போவுல சேர் கொண்டாந்து எறக்கறான். எதுக்குடான்னா, நாளைக்குக் காரியத்துக்குங்கறான். யார் வீட்டுக் காரியம்னா, என் தோளைத் தட்டிக் குடுத்து, மனசைத் தேத்திக்கோங்கண்ணாங்கறான்.”

அவருக்குப் பின்னால் பந்தல்காரர் வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றார். கக்கத்தில் சுருட்டிய ஃப்ளெக்ஸ். “ஃப்ளெக்ஸ் கேட்டுல கட்டறதுங்களா, செவுத்துலயா?” என்று இரகசியம் போலக் கேட்டுக்கொண்டே விரித்தார். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே நித்திலா. பத்தாம் வகுப்பு அடையாள அட்டைப் படம். எண்ணெய் வழியும் ரெட்டை ஜடை. அந்தப் படத்தை வீட்டில் எங்கே கண்டாலும் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். அரண் ஒரு பிரதி பத்திரமாக வைத்திருந்தது போலும்.

ஈஸ்வரமூர்த்தி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வாய் திறந்தது. பட்டறையில் மோட்டார்களையே அடக்கும் அந்தத் தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“நல்லா இருக்கறாளுங்க. ஒண்ணும் ஆகல” என்று கோகிலவாணி அவசரமாகச் சொன்னாள். “இந்தக் கிரகம் புடிச்ச அரண்தான் அவ போயிட்டான்னு எழுதி வெச்சிருக்குது. அவ ‘போறேன்’னு சொன்னாளாமா.”

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அவருக்கு நிறம் திரும்பியது. நிறத்தோடு குரலும்.

“ஏனம்மா பணிமலரு! உங்களுக்கெல்லாம் அறிவிருக்குதா? உசுரோட இருக்கிற புள்ளைக்கு ஃப்ளெக்ஸ் அனுப்பறீங்க! சேர்க்காரன் உள்ளே வர்றான், என்ற புள்ளை வரக் கூடாதா?”

“அவரு சம்பந்தப்பட்டவருங்கய்யா. உங்க துக்கத்துக்கு வேண்டிய சேவைகளை நாங்களே ஏற்பாடு பண்ணிடறோமுங்க, தடுக்கறதில்லீங்க. நாளைக்குச் சமையல்காரரும் வருவாருங்க. அவருக்கும் அனுமதி குடுத்தாச்சு.”

“அவ சாகலைங்கறேன்!”

“அப்ப அதுக்கு ஒரு சான்று வேணுங்கய்யா.”

“அவளே பேசுவா. போன் போட்டுக் குடு, பேசச் சொல்றேன்.”

“பேசலாமுங்க. ஆனா போனவங்க பேசினா அது போலிங்க. அதைத் தடுக்கத்தானுங்க நாங்க இருக்கறோம்.”

பந்தல்காரர், தான் ஒரு வீட்டு விஷயத்தில் நிற்கிறோம் என்று புரிந்து, சேர்களை எண்ணப் போனார்.

“நாளைக்குக் காரியம் முடிஞ்சதும்” என்று பணிமலர் இன்னும் தணிந்த குரலில் தொடர்ந்தது, “பதிவு உங்க தெருவைத் தாண்டி மத்த இடங்களுக்கும் போயிருமுங்க. பேங்கு, பாஸ்போர்ட்டு, எல்லாத்துக்கும். அதுக்கப்புறம் திருத்தறதுக்கு எங்ககிட்ட வசதி இல்லீங்க. இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து கேட்டதில்லீங்க.”

கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேயோ ஒரு பனி நகரத்தில், விமான நிலையக் கண்ணாடிக்கு முன்னால், தான் இருக்கிறேன் என்று தன் மகள் மெல்லிய குரலில் யாருக்கோ விளக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. எதிரே இருந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

“வழியே இல்லீங்களா கண்ணு?” என்றாள்.

“ஒண்ணு இருக்குதுங்க. இணைப்பை உள்ள இருந்து நிர்வாகியே தொடங்கினா எந்த ஃபயர்வாலும் தடுக்காது. வீட்டு நிர்வாகி தன் வாயால பேர் சொல்லி, ‘வா’ன்னு கூப்பிடோணும். அது போதுமுங்க. மத்ததெல்லாம் தானா திறந்துக்கும்.”

கோகிலவாணி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர்தான் நிர்வாகி. வாங்கிய அன்றே ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “அதென்ன, நான் கூப்புடறது? போனவ அவ. அவளா ஒரு வார்த்தை பேசட்டும், அப்பறம் நான் சொல்றேன்.”

“நீங்க சொன்னாத்தானுங்க அவ பேச முடியும்!”

“மொதல்ல அவ பேசட்டும்.”

அப்போது திரையின் மூலையில் பச்சைக் கேடயம் மின்னியது. கீழே இருந்த எண்ணில் ஒன்று கூடியது.

“பார்த்தியா” என்று ஈஸ்வரமூர்த்தி பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார். “இந்தக் கலவரத்துலயும் எவனோ…” பாதியில் நின்றார்.

“ஏம்மா பணிமலரு” என்றார். குரல் இறங்கியிருந்தது. “இந்தத் தாக்குதல் எங்கிருந்து வருது?”

“எல்லாம் ஒரே ஆளுங்கய்யா. தாலின் நகரம். ரெண்டு வாரமா விடாம முயற்சி பண்றாங்க. ரொம்ப ஆபத்தான ஆளுங்க.”

“ஆபத்துன்னா?”

“வீட்டு விவரமெல்லாம் துல்லியமாத் தெரிஞ்சிருக்குதுங்க. இப்ப வந்ததோட வாசகம் எங்க அபாயப் பிரிவுல இருக்குது. படிக்கட்டுங்களா? ‘அம்மா, அப்பா பிரஷர் மாத்திரை போட்டாரா? காலையில போடலீன்னா சாயங்காலம் எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுவாரு.’ பார்த்தீங்களா? மருந்து வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. அபாய அளவு மிக அதிகம்னு குறிச்சிருக்கோம்.”

வெளியே பிளாஸ்டிக் சேர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் கரகரச் சத்தம் மட்டும் கேட்டது.

“நேத்து வந்தது?” என்றார் அவர்.

“‘அப்பா என்னைத் தடுத்து வெச்சிருக்காராம்மா? கோவம் தீர்ந்தா சொல்லச் சொல்லு. நான் காத்திருக்கிறேன்.’ இது மனசை இளக்கி ஏமாத்துற வகைங்கய்யா. நிறையப் பேர் இதுலதான் விழுந்துடறாங்க.”

ஈஸ்வரமூர்த்தி பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மாவுக் கையால் முகத்தைத் துடைத்தார். முகமெல்லாம் வெள்ளையாயிற்று. ஸ்கோர் என்று காப்பியோடு ரசித்த ஒவ்வொரு எண்ணும் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். எந்தக் காலையில் எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடம்.

“போடு” என்றார். “கூப்புடறேன். என்ன சொல்லோணும்?”

“பேர் சொல்லி, ‘வா’ன்னு சொன்னாப் போதுங்கய்யா. மூணு வாய்ப்பு உண்டு. இதோ, சொல்லுங்க.”

அவர் கம்ப்யூட்டருக்கு நேராக நிமிர்ந்தார். “நித்திலா” என்றார். அதுவரை சரியாக இருந்தது. “வா கண்ணு” என்ற இடத்தில், பழைய குழாயில் காற்றடைத்தது போலக் குரல் இரண்டாக உடைந்தது.

‘நிர்வாகியின் குரலில் நடுக்கம். மிரட்டலுக்கு ஆளாகியிருக்கலாம். அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது திரை.

“என்னை எவன்டா மிரட்டறது?” என்றார் அவர்.

“வருத்தப்படாதீங்கய்யா. மோசடிக்காரங்க கத்தியைக் காட்டிக் கூப்பிட வெச்ச சம்பவமெல்லாம் இருக்குதுங்க. அதனால அழுத குரலை ஏத்துக்கறதில்லை. இயல்பாச் சொல்லுங்க.”

கோகிலவாணி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். தொண்டையைச் செருமினார். பட்டறையில் ஆட்களைக் கூப்பிடுவது போல நெஞ்சை நிமிர்த்தினார். இந்தமுறை பெயரையே முழுதாகச் சொல்ல முடியவில்லை. திரை அதே வாசகத்தை அதே எழுத்தில் காட்டியது.

“இயல்பாத்தானே சொல்றேன்!” என்று அழுதார். அப்படி அவர் அழுது கோகிலவாணி பார்த்ததில்லை. அவருடைய அம்மா செத்தபோதுகூடப் பாடை சரியாகக் கட்டவில்லை என்று கத்திக்கொண்டுதான் இருந்தார். “இதுதானே இப்ப என்ற குரலு! வேற எந்தக் குரல்ல கூப்புடறது?”

“உங்க குரலுக்கு ஒரு மாதிரி எங்ககிட்ட இருக்குதுங்கய்யா. அதோட ஒத்துப் போகோணும்.”

“நான் எப்பக் குடுத்தேன் மாதிரி?”

“பண்பாட்டுத் தொகுப்பு வந்த அன்னிக்கு, ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டோமுங்க. நேரமில்லேன்னுட்டீங்க. அதனால அன்னிக்கு நீங்க பேசினதுலேயே ரொம்ப உறுதியான, சந்தேகமே இல்லாத ஒரு வாக்கியத்தை அரணே எடுத்துக்கிச்சுங்க.”

“என்ன வாக்கியம்?”

பணிமலர் தேடியது. நாதஸ்வரம் இரண்டு சுரம் வாசித்து நின்றது. பிறகு கம்ப்யூட்டரின் ஒலிபெருக்கியிலிருந்து, டாக்சி உறுமலுக்கு மேலே, ஜன்னல் கண்ணாடி அதிர அவருடைய குரலே வந்தது.

“போனா போ!”

வெளியே சேர்களின் சத்தம் நின்றது.

“இதுதானுங்கய்யா. இதே கனத்துல, இதே வேகத்துல ‘வா’ன்னு சொல்லிட்டீங்கன்னா உடனே திறந்துரும். இன்னும் ஒரு வாய்ப்பு இருக்குதுங்க. அவசரமில்லை, நிதானமா எடுத்துக்கோங்க.”

கேடயம் மறுபடி மின்னியது. எண் ஒன்று கூடியது. தாலினில் இப்போது விடிந்துகொண்டிருக்கும்.

ஈஸ்வரமூர்த்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. கோகிலவாணி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மாவு அப்பிய அந்தக் கைகளை ஒவ்வொன்றாக முகத்திலிருந்து விலக்கினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் வைக்கும் இரண்டாவது வேண்டுகோள் அது.

“ஏனுங்க” என்றாள். “ஒரே ஒருக்கா. அன்னிக்கு மாதிரியே அவ மேல கோவப்படுங்க.”